குன்மம் முதல் கிருமி வரை

உணவு கொண்ட இரண்டு மூன்று மணி நேரத்திற்குப் பின் மேல் வயிற்றில் எழும் எரிச்சல். நள்ளிரவில் பசியைப் போலத் தோன்றித் துயிலைக் கலைக்கும் வலி. ஒரு கவளம் சோறோ ஒரு மிடறு பாலோ உள்ளே சென்றதும் சற்றே தணிவு. பின்னர் மீண்டும் அதே எரிச்சல். இத்துன்பத்தைத் தாமே அறியாதவர்களும் தம் வீட்டில் ஒருவரிடமாவது கண்டிருப்பர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வயலை நம்பி வாழ்வோருக்கும், இடுக்கி மலைகளில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளில் தேயிலையையும் ஏலத்தையும் நம்பி வாழ்வோருக்கும் இந்நோய் நெடுங்காலமாகப் பழக்கமானது. வயிற்றுப் புண் என்றும், குடற்புண் என்றும், அல்சர் என்றும் இதற்குப் பெயர் பல. ஆனால் நோயாளிக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: மிளகாயை விடு, கவலையை விடு, பாலைக் குடி.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? அது எவ்வளவு தூரம் உண்மை? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், இந்நோயைப் பற்றிய மனித அறிவு எவ்வெவ் வழிகளிற் சென்று, எங்கெங்கே தடுமாறி, இன்றைய நிலையை எய்தியது என்பதை நாம் அறிதல் வேண்டும். அவ்வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் சில நம்முடைய தென்னாட்டிலேயே எழுதப்பட்டன.

முதலில், புண் என்பது யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் உண்ணும் உணவைச் செரிக்கச் செய்வதற்காக இரைப்பையானது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சின் என்னும் செரிமானப் பொருளையும் சுரக்கின்றது. இறைச்சியையே கரைக்க வல்ல இந்நீர் இரைப்பையையும் ஏன் கரைத்து விடுவதில்லை? இரைப்பையின் உட்சுவரின்மீது சளி போன்ற ஒரு பூச்சு படர்ந்து அதனைக் காக்கின்றது. காக்கும் பூச்சின் வலிமையும் கரைக்கும் நீரின் வலிமையும் சமமாக நிற்கும் வரையில் தீங்கில்லை. அச்சமநிலை குலைந்தால், அமிலம் சுவரை அரித்துப் பள்ளம் செய்கின்றது. அந்தப் பள்ளமே புண். அது இரைப்பையிலும் உண்டாகலாம்; இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் உண்டாகலாம். தென்னாட்டில் மிகுதியாகக் காணப்பட்டது இரண்டாவது வகை.

நம் முன்னோர் வயிற்றைத் திறந்து பார்த்தவரல்லர். ஆயினும் நோயாளியின் சொல்லைக் கூர்ந்து கேட்டனர். சித்த மருத்துவம் இவ்வகை நோய்களைக் குன்மம் என்னும் பெயரால் தொகுத்து, எரிகுன்மம், வலிகுன்மம், வாந்திகுன்மம் என்பன உட்பட எட்டு வகையாகப் பிரித்தது. ஆயுர்வேத நூலான மாதவநிதானம் பரிணாமசூலம் என்றொரு நோயைக் கூறுகின்றது. உணவு செரிக்கும் வேளையில் எழும் வலி என்பது அதன் பொருள். உண்டவுடன் தணிந்து, செரிக்கும்போது மீளும் முன்சிறுகுடற் புண்ணின் வலிக்கு இதனைவிடப் பொருத்தமான பெயர் சூட்டுவது அரிது. எனினும் அடையாளத்தை அறிதல் வேறு, காரணத்தை அறிதல் வேறு. காரணம் பல நூற்றாண்டுகள் மறைந்தே கிடந்தது.

மேனாட்டில் இத்தேடல் இரசாயனத்தின் வழியே தொடங்கியது. இரைப்பை நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1824-இல் வெளியிட்டார். 1910-இல் ஸாக்ரெப் நகரத்து அறுவை மருத்துவர் ஷ்வார்ஸ் என்பவர், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று ஒரு விதியையே வகுத்தார். அவ்விதி எழுபது ஆண்டுக் காலம் மருத்துவ உலகை ஆண்டது. அமிலமே பகைவன் என்றால், அதனைத் தணித்தல், அது சுரக்கும் இடத்தை வெட்டி நீக்குதல், அல்லது அது செல்லும் வழியை மாற்றுதல் என்பனவே சிகிச்சை ஆகும். 1881-இல் வியன்னா நகரில் பில்ரோத் என்பவர் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினார். அவருடைய உதவியாளர் வோல்ஃப்ளர் அதே ஆண்டில் இரைப்பையைச் சிறுகுடலுடன் நேரே இணைத்து உணவுக்குப் புதுவழி அமைத்தார். இவை இரண்டும் புற்றுநோய்க்கென முதலிற் செய்யப்பெற்றவை. பின்னர்ப் புண்ணுக்கும் உரியவையாயின.

இந்த அறுவை முறைகள் நம் பக்கம் வந்த கதை சுவையானது. அக்காலத்தில் இன்றைய கேரளம் ஓர் அரசின்கீழ் இருக்கவில்லை. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசின் பகுதிகள். அத்திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய நெய்யூரில், இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838 முதல் மருத்துவப் பணி ஆற்றி வந்தனர். 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்று திரும்பிய ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூருக்கு வந்தார். அங்கே ஒரே ஓர் அறுவை மருத்துவர், எண்ணற்ற நோயாளிகளின் நடுவே, ஓய்வின்றி உழைப்பதைக் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்பதவியைத் துறந்து, நெய்யூரிலேயே பணிபுரியத் துணிந்தார். இடையே 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றதைத் தவிர, அவருடைய வாழ்வின் பெரும்பகுதி நம் நாட்டிலேயே கழிந்தது. பிற்காலத்தில் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் விளங்கினார்.

நெய்யூரில் சாமர்வெல் கண்ட காட்சி அவரை வியக்க வைத்தது. முன்சிறுகுடற் புண்ணால் வருந்தி வந்தவர் தொகை இங்கிலாந்தில் அவர் கண்டிராத அளவுக்குப் பெருகியிருந்தது. பலர் நோய் முற்றிய நிலையில் வந்தனர். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும், மீண்டும் புண்ணாகும், மீண்டும் சுருங்கும். இவ்வாறு ஆண்டுக்கணக்கிற் சுருங்கிச் சுருங்கி, இரைப்பையின் வாயில் அடைபட்டுப் போகும். முதல் நாள் உண்ட சோறு மறுநாள் வாந்தியாக வெளிப்படும். உடல் எலும்பும் தோலுமாகும். தென்னாட்டு நோயாளரிடம் குருதிப் பெருக்கைவிட இவ்வடைப்பே மிகுதி என்பதைப் பிற மருத்துவர்களும் பின்னர் உறுதி செய்தனர். இத்தகையோர்க்கு இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கும் அறுவை உயிர் கொடுத்தது எனலாம். தம் அனுபவத்தைச் சாமர்வெல்லும் அவருடன் பணிபுரிந்த ஓர் என்பவரும் 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டனர். திருவிதாங்கூரின் பெயர் அதன்மூலம் உலக மருத்துவ நூல்களில் இடம் பெற்றது.

இங்ஙனம் நோய் மிகுந்திருப்பதன் காரணம் யாது? அனைவர் கண்ணும் உணவின்மீது விழுந்தது. அதற்கு வலுவான ஆதாரம் நீலகிரியிலிருந்து கிடைத்தது. குன்னூரில் உணவுச்சத்து ஆராய்ச்சியை நடத்தி வந்த இராபர்ட் மக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளை அவ்வாறே சமைத்து எலிக் கூட்டங்களுக்கு அளித்தார். சீக்கியரின் உணவான கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை ஆகியவற்றை உண்ட எலிகளுக்குப் புண் உண்டாகவில்லை. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவை உண்டவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குப் புண் கண்டது. திருவிதாங்கூர் ஏழையின் மரவள்ளிக்கிழங்கு உணவை உண்டவற்றுளோ நாலில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றிற்குப் புண் கண்டது. இதனைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ என்று பலரும் கருதியதில் வியப்பில்லை.

மரவள்ளியின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மகாராஜா. கன்னியாகுமரிப் பக்கத்தில் மரச்சீனி என்றும், மலைநாட்டில் கப்பை என்றும் வழங்கும் இது, எந்த மண்ணிலும் விளையும், வயிற்றையும் நிரப்பும். ஆனால் அதில் மாவுச் சத்தைத் தவிர வேறு சத்து மிகக் குறைவு. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை மக்களை உயிரோடு வைத்தது இக்கிழங்கே. உணவுப் பயிரைப் பெருக்கும் பொருட்டு 1940-களில் உயர்மலைக் காடுகள் குடியேறுவோர்க்கு விடப்பட்டன; 1950-களின் நடுவில் அரசே குடியேற்றத் திட்டம் வகுத்தது. காட்டைத் திருத்தியவர்கள் மிளகும் ஏலமும் பலன் தரும் வரையில் பசியாறுவதற்கு நட்டது கப்பையே. ஆகவே, நாட்டுப்புறத்து உணவு மலைக்கு ஏறியது. அங்கே முன்பே தேயிலைத் தோட்டங்களில் பாண்டிநாட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களில் வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய உணவு அரிசியைச் சார்ந்தது. பாலக்காட்டுச் சமவெளியோ கேரளத்தின் நெற்களஞ்சியம்.

இங்கேதான் கப்பையின்மீது சுமத்திய குற்றச்சாட்டு ஆட்டம் காணத் தொடங்கியது. கப்பை உண்போர்க்கு மட்டுமே புண் வருமானால் அரிசி உண்போர்க்கு ஏன் வர வேண்டும்? கப்பை உண்ணும் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்து மற்றவர்க்கு ஏன் வராதிருக்க வேண்டும்? மேலும் எலியின் இரைப்பை அமைப்பு மனித இரைப்பையினின்றும் வேறுபட்டது. அதிற் கண்ட புண்ணை அப்படியே நமக்குப் பொருத்துதல் இயலாது. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, நாடு முழுவதும் பரவியிருந்த இரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1964-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். ரொட்டியை நன்கு மெல்ல வேண்டியிருப்பதால் உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்து வயிற்றைக் காக்கின்றது. குழைந்த சோறு மெல்லாமலேயே இறங்கிவிடுவதால் அக்காப்பு கிடைப்பதில்லை என்பது அவர் கருத்து. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்பவர் நாடெங்குமுள்ள நிலையைத் தொகுத்துப் பார்த்து, அரிசி உண்ணும் தென்பகுதிகளில் நோய் மிகுதி என்றும், தீட்டாத கோதுமையும் சிறுதானியமும் பயறும் உண்ணும் பகுதிகளில் குறைவு என்றும் கண்டார். நாம் கொள்ளு என்றும் மலையாளிகள் முதிரை என்றும் கூறும் பயற்றிலுள்ள கொழுப்புப் பொருள், ஆய்வுக்கூட எலிகளைப் புண்ணினின்றும் காத்ததாக அவரும் அவருடைய தோழர்களும் பின்னர் அறிவித்தனர்.

உணவை இவ்வாறு ஒரு சாரார் குற்றஞ்சாட்ட, மேனாட்டார் மற்றொரு சாரார் மனக்கவலையைக் குற்றஞ்சாட்டினர். 1940-இல் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தபோது அந்நகர மருத்துவமனைகளில் புண் துளைத்து வந்தோர் தொகை உயர்ந்தது இக்கொள்கைக்கு வலுவூட்டியது. 1943-இல் சிக்காகோவில் டிராக்ஸ்டெட் என்பவர், மூளையிலிருந்து இரைப்பைக்கு வந்து அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டிவிடும் முறையைப் புகுத்தினார். அந்நரம்பை வெட்டி, இரைப்பையையும் சிறுகுடலையும் இணைப்பதே பல ஆண்டுகள் தென்னிந்திய மருத்துவமனைகளின் வழக்கமான அறுவையாக விளங்கியது. அறுவை வேண்டாதார்க்கு, 1915-இல் சிப்பி என்னும் அமெரிக்கர் வகுத்த பத்திய முறை: மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப் பொடிகளும், முழு ஓய்வும்.

இப்பத்தியத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடமோ நாற்று நடும் உழவரிடமோ கூறினால் அதன் பொருள் யாது? மணிக்கொரு முறை பாலுக்கு அவர் எங்கே போவார்? முழு ஓய்வு எடுத்தால் அன்றைய கூலியை யார் தருவார்? கவலையை விடு என்றால், கவலை தரும் கடனை யார் தீர்ப்பார்? அறிவுரையைப் பின்பற்ற முடியாத ஏழை, நோய் தீராததற்குத் தானே காரணம் என்று நம்பலானான். நோயின் வலியோடு பழியின் பாரமும் சேர்ந்தது. இந்நோயின் வரலாற்றில் நாம் மறக்கலாகாத செய்தி இதுவே. பாலைப் பொறுத்தவரையில், அது சற்று நேரம் எரிச்சலை ஆற்றினாலும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டவே செய்கின்றது என்பது இன்று தெளிவு.

1976-இல் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரின் ஆராய்ச்சியின் பயனாக, அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் என்னும் மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் அதனினும் ஆற்றல் மிக்க ஒமெப்ரசோல் வெளிவந்தது. கத்தி வேண்டியிருந்த இடத்தில் மாத்திரை போதுமென்றாயிற்று. புண்ணும் சில வாரங்களில் ஆறியது. ஆனால் மாத்திரையை நிறுத்திய பின்னர்ப் பலருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. தீயை மூடி வைத்தோமேயன்றி அணைக்கவில்லை என்பது விளங்கிற்று.

அணைக்கும் வழி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரில் பிறந்தது. 1979-இல் இராபின் வாரன் என்னும் நோய்க்கூற்று மருத்துவர், அழற்சி கண்ட இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவமுள்ள கிருமிகளை நுண்ணோக்கியிற் கண்டார். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்பது அந்நாளைய கொள்கை. ஆகவே அவர் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் அதற்கு உரிய காலத்தை முன்னர் யாரும் கொடுக்கவில்லை. உலகம் அப்பொழுதும் நம்பாததனால் மார்ஷல் 1984-இல் அக்கிருமிகள் நிறைந்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. உள்நோக்கிப் பார்த்தபோது இரைப்பையில் கடும் அழற்சி தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமியைக் கண்டதற்காக 2005-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் உண்மையின் வாயிலை முன்னரே தட்டியவர் ஒருவர் உண்டு. கிரேக்க நாட்டு மிசொலோங்கி என்னும் சிற்றூரில் லிக்கூதிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் வயிற்றுப் புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பலரைக் குணப்படுத்தினார். அவருக்குக் கிடைத்தது பரிசன்று, 1968-இல் அபராதம். அவர் தம் கருத்து மெய்ப்படுவதைக் காணாமலேயே 1980-இல் மறைந்தார்.

அமிலக் கடலில் இக்கிருமி எங்ஙனம் வாழ்கின்றது? அது யூரியேஸ் என்னும் பொருளைச் சுரந்து, வயிற்றிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றது. அம்மோனியா காரத்தன்மை உடையதாதலால் கிருமியைச் சுற்றிலும் அமிலம் தணிகின்றது. அப்போர்வைக்குள் ஒளிந்து அது சளிப் பூச்சினுள் நுழைந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் குடியிருந்து காப்பைக் குலைக்கின்றது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்தும் தூய்மையற்ற நீர், உணவு ஆகியவற்றின் வழியாகவும் இது தொற்றுகின்றது. நெருக்கமான குடியிருப்பும் கழிப்பிட வசதியின்மையும் அதற்குத் துணை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வயிற்றில் இது இருந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர்க்குப் புண் உண்டாவதே இல்லை. ஒரு சிலருக்கோ புண்ணோடு நில்லாமல் இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது வழிகோலக் கூடும். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையிற் சேர்த்தது.

அப்படியானால் நெய்யூரிலும் குன்னூரிலும் செய்த ஆராய்ச்சிகள் வீணோ? அல்ல. இக்கிருமி வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் ஏறக்குறைய ஒரே அளவிற் பரவியிருந்தது; புண்ணோ தென்னாட்டிலேயே மிகுந்திருந்தது. விதை ஒன்றாயினும் நிலம் வேறாயின் விளைவும் வேறாகும். உணவோ, அதன் சத்தோ, புகைப்பழக்கமோ, மரபோ, கிருமியின் வகையோ, அல்லது இவை யாவும் கலந்தோ அந்நிலத்தைப் பண்படுத்தியிருக்க வேண்டும். இப்புதிர் இன்னும் முழுமையாக அவிழவில்லை. மிளகாயைப் பற்றியோ, சிங்கப்பூரில் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புண் கண்டவர்கள் மற்றவரைவிடக் குறைவாகவே மிளகாய் உண்டவர்கள் என்று காட்டியது. எரியும் புண்ணின்மீது காரம் பட்டால் எரிச்சல் மிகும், அது கண்கூடு. ஆனால் காரம் புண்ணைப் படைத்தது என்பதற்குச் சான்றில்லை.

கிருமிக்கு அடுத்தபடியாகப் புண்ணை உண்டாக்குவது வலிமாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை வலியை அடக்கும்போதே இரைப்பையின் காப்புப் பூச்சையும் மெலியச் செய்கின்றன. மலைச்சரிவில் நாள் முழுதும் கூடை சுமப்போர்க்கும், சேற்றில் குனிந்து நிற்போர்க்கும் முதுகுவலியும் முழங்கால்வலியும் உடன்பிறந்தவை போன்றவை. கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மாதக்கணக்கில் இவ்வாறு செய்வோர், அதிலும் முதியோர், தம் வயிற்றைத் தாமே புண்ணாக்கிக் கொள்கின்றனர். இதய நோய்க்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நாமாக நிறுத்தலாகாது. மருத்துவரிடம் சொல்லி வயிற்றைக் காக்கும் மருந்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இனி இன்றைய சிகிச்சையைக் காண்போம். வாய் வழியே நுழைக்கும் வளையும் உள்நோக்குக் கருவியால் மருத்துவர் புண்ணை நேரிற் காண்கின்றார். சிறு திசுத் துணுக்கை எடுத்து யூரியா கலந்த கூழில் இட்டால், கிருமி இருப்பின் கூழின் நிறம் மாறும். மூச்சுக்காற்றையும் மலத்தையும் சோதித்தும் கிருமியைக் கண்டறியலாம். கிருமி இருப்பது உறுதியானால், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் இரண்டோ மூன்றோ கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாட்கள் கொடுப்பர். சில முறைகளில் பிஸ்மத் மருந்தும் சேரும். சிகிச்சை முடிந்து நான்கு வாரமேனும் கழிந்தபின் கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதிப்பது முறை. கிருமி ஒழிந்தால் அப்புண் திரும்புவது அரிது. சாமர்வெல்லின் காலத்தில் வயிற்றைக் கிழித்துச் செய்ததை இன்று இரு வார மருந்து செய்கின்றது.

ஆனால் எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நாம் இரு மாநிலத்து மருத்துவமனைகளையும் நாடுவோர். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் 2014-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பெற்றன; அதற்கு முன்பிருந்தே குமுளியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் இறங்குவோர்க்குத் தேனியும், வாளையாற்றைக் கடப்போர்க்குக் கோயம்புத்தூரும் அடைக்கலமாய் இருந்து வருகின்றன. ஓரிடத்தில் மருந்தைத் தொடங்கி, ஐந்தாம் நாள் வலி நின்றதும் நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து மலையின் மறுபுறத்தில் வேறொரு மருத்துவரிடம் வெறுங்கையுடன் செல்வோர் உளர். பாதியில் விட்ட மருந்து, பிழைத்த கிருமிகளை அம்மருந்துக்கு அஞ்சாதவையாக்கி விடுகின்றது. அடுத்த மருத்துவரோ முன் கொடுத்தது இன்னதென்று அறியாமல் அதே மருந்தையே மீண்டும் எழுதக் கூடும். ஆகவே மருந்தை முடிக்கும் வரை உண்ணுதலும், சீட்டு எந்த மொழியில் இருந்தாலும் அதனைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த மருத்துவரிடம் காட்டுதலும் நம் கடமை. மணத்தக்காளிக் கீரையும் சீரக நீரும் உண்பதில் தவறில்லை. அவற்றை நம்பிக் கிருமிக்கான சிகிச்சையை விடுதல் தவறு. புகை பிடிப்போர்க்குப் புண் ஆறுவது தாமதமாகும். அதனை விடுவதே நலம்.

சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. மலம் தார் போலக் கருத்துப் பிசுபிசுப்பாகப் போதல். குருதியோ காப்பித்தூள் போன்ற பொருளோ வாந்தியில் வெளிப்படுதல். வாளால் குத்தினாற்போல் திடீரென வலி எழுந்து வயிறு பலகை போல இறுகுதல் ஆகிய மூன்றும் உயிருக்கு ஆபத்தானவை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் நாள் உணவு மறுநாள் வாந்தியாதல், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை, சோகை என்பனவும் மருத்துவரை விரைந்து நாட வேண்டியவை. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளின் கடமையாக வகுத்தது. நோயுற்றபோது சிகிச்சை கோருதல் இரந்து பெறுவதன்று, உரிமை என்னும் உணர்வு அன்று முதல் மலைநாட்டில் வளர்ந்து வந்துள்ளது.

குன்மம் என்று பெயரிட்டவர்கள் அடையாளத்தைக் கண்டனர். அமிலத்தைக் கண்டவர்கள் கருவியைக் கண்டனர். கப்பையையும் அரிசியையும் ஆராய்ந்தவர்கள் நிலத்தைக் கண்டனர். பெர்த் நகரத்தார் விதையைக் கண்டனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதே முழுமை என்று கருதிய போதெல்லாம் அதன் விலையைக் கொடுத்தவர் நோயாளியே. ஏழையின் கலத்தையும் அவனுடைய கவலையையும் நோக்கி நெடுங்காலம் நீண்ட விரல் இன்று மடங்கியிருக்கின்றது. வயிற்றுப் புண் ஒருவர் தேடிக்கொண்ட வினைப்பயன் அன்று. காரணம் தெரிந்த, சிகிச்சையால் தீரக்கூடிய நோய் அது. தூய நீரும், கழிப்பிடமும், போதிய உணவும், காலத்தில் கிடைக்கும் மருத்துவமும் அதனை வரும் தலைமுறைக்குத் தொற்றாமல் தடுக்கும் அரண்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குச் செல்வதைப் பெருமையாக எண்ணும் நம் மக்களுக்கு, பொறுக்க வேண்டியதில்லை என்னும் இச்செய்தி போய்ச் சேர வேண்டும்.